கம்மலை அடகு வைத்து ஒரு ஸ்கேன்

அன்புள்ள சார்,

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம். தங்கச்சி பையனுக்குப் பதினைந்து வயசு, பத்தாவது படிக்கிறான். ஒன்றரை வருஷமாக வீட்டில் நிம்மதி இல்லை. பணம் திருடுகிறான். ஸ்கூலுக்கு என்று கிளம்பி காட்பாடி ஸ்டேஷனில் போய் உட்கார்ந்திருக்கிறான். இரண்டு தடவை ராத்திரி வீட்டுக்கே வரவில்லை. போன மாதம் ஒரு தெருநாயின் காலைக் கல்லால் அடித்து உடைத்தான், முகத்தில் கொஞ்சம்கூட வருத்தம் இல்லை. அவங்க அப்பா பெல்ட்டால் அடித்தும் பார்த்துவிட்டார். இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு மூளையே சின்னதாக இருக்கும், ஸ்கேனில் தெரியும் என்று வாட்ஸாப்பில் சிவப்பும் மஞ்சளுமாகப் படத்தோடு ஒரு செய்தி வந்தது. ஒரு ஸ்கேன் சென்டரில் விசாரித்தோம், எடுத்துப் பார்க்கலாம் என்றார்கள். தங்கச்சி கம்மலை அடகு வைத்திருக்கிறாள். எடுக்கலாமா? மூளையில் இருப்பது தெரிந்துவிட்டால் மருந்து கொடுத்துச் சரிசெய்துவிடலாம் இல்லையா?

ஒரு வாசகர், குடியாத்தம்

அன்புள்ள நண்பருக்கு,

எடுக்க வேண்டாம். வலிப்பு வந்திருந்தாலோ, தலையில் அடிபட்டிருந்தாலோ, பார்த்த டாக்டர் ஒரு காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தாலோ அது வேறு விஷயம். நீங்கள் கேட்கிற கேள்விக்கு அந்த ஸ்கேனில் பதில் கிடைக்காது. நான் டாக்டர் இல்லை, இந்த ஆராய்ச்சிகளைக் கொஞ்ச காலமாகப் படித்து வருகிறவன், அவ்வளவுதான்.

உங்களுக்கு வந்த செய்தி முழுப் பொய்யும் இல்லை, அதுதான் சிக்கல். திருட்டு, வதை என்று திரும்பத் திரும்ப வரம்பு மீறுகிற பிள்ளைகளின் நிலைக்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் நடத்தைக் கோளாறு. 2011இல் கேம்பிரிட்ஜில் அது உள்ள அறுபதுக்கும் மேற்பட்ட பையன்களை எம்.ஆர்.ஐ.யில் படமெடுத்து, அப்படி எதுவும் இல்லாத 27 பேரோடு ஒப்பிட்டார்கள். பயத்தையும் பிறர் முகத்தில் தெரிகிற பயத்தையும் அடையாளம் காண உதவுகிற அமிக்டலாவும், இன்சுலா என்ற இன்னொரு பகுதியும் சராசரியில் சிறிதாக இருந்தன. அப்புறம் 2024இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் பெரிய ஆய்வு வந்தது. 15 ஆய்வுக் குழுக்களின் படங்களைச் சேர்த்தார்கள்: நடத்தைக் கோளாறு உள்ளவர்கள் 1,185 பேர், இல்லாதவர்கள் 1,253 பேர், எல்லோரும் 7 முதல் 21 வயதுக்குள். மூளையின் மேற்பரப்பை 34 பகுதிகளாகப் பிரித்துப் பார்த்ததில் 26இல் பரப்பளவு குறைவு. அமிக்டலா, ஹிப்போகாம்பஸ், தாலமஸ் போன்ற உள்பகுதிகளும் கொஞ்சம் சிறிது.

இந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்பதை உங்கள் வாட்ஸாப் செய்தி சொல்லாமல் விட்டுவிட்டது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கூடை இருக்கிறது என்று வையுங்கள் (புவிசார் குறியீடே வாங்கிய காய், உதாரணத்துக்கு இறக்குவதில் தப்பில்லை). ஒரு கூடையில் காயின் சராசரி எடை இன்னொரு கூடையைவிட இரண்டு மூன்று கிராம் குறைவு. ஆயிரம் ஆயிரம் காயாக நிறுத்தால் அந்த வித்தியாசம் சந்தேகமில்லாமல் தெரியும். இப்போது ஒரே ஒரு காயை எடுத்து உங்கள் கையில் கொடுத்து, இது எந்தக் கூடைக் காய் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? இரண்டு கூடையிலும் பெரிதும் உண்டு, சிறிதும் உண்டு. ஸ்கேன் சென்டரில் உங்கள் மருமகன் அந்த ஒற்றைக் காய்.

அந்தச் சிவப்பு மஞ்சள் படத்தையும் நம்பிவிடாதீர்கள், மூளைக்குள் எதுவும் அந்த நிறத்தில் எரிவதில்லை. கணக்குப் போட்டு வருகிற எண்களுக்குக் கம்ப்யூட்டர் பூசுகிற சாயம் அது. 2009இல் அமெரிக்காவில் சிலர் செத்துப்போன ஒரு சால்மன் மீனை மெஷினில் படுக்க வைத்து, அதற்கு மனிதர்களின் போட்டோக்களைக் காட்டினார்கள். கணக்கில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், செத்த மீனின் மூளையும் அந்தப் போட்டோக்களைப் பார்த்து வேலை செய்வதாகப் புள்ளி காட்டியது. ஆராய்ச்சிக்காரர்களைக் கிண்டலடிக்க ஆராய்ச்சிக்காரர்களே செய்த வேலைதான், 2012இல் அதற்கு, முதலில் சிரிக்கவும் அப்புறம் யோசிக்கவும் வைக்கிற ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசும் கொடுத்தார்கள்.

எனக்கு இடுப்பு வலிக்காக இரண்டு வருஷம் முன்னால் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். குழாய்க்குள் தள்ளி, ‘அசையாதீங்க, மூச்சு மட்டும் மெதுவா விடுங்க’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். தறிச் சத்தம் உங்களுக்குத் தெரியும், காதுக்கு ரெண்டு விரல் தள்ளி விசைத்தறி ஓடுகிற மாதிரி டக் டக் டக்கென்று, நடுநடுவே நின்று வேறு தாளத்தில் மறுபடி. ஐம்பது வயதான என்னாலேயே முடியவில்லை, மூக்கு அரித்தது, கை போய்விட்டது, முதலிலிருந்து எடுத்தார்கள். இந்த மாதிரிப் பிள்ளைகளில் பலருக்கு ஓரிடத்தில் நிலையாக இருக்க முடியாத ஏ.டி.எச்.டி.யும் சேர்ந்தே இருக்கும். தலை அசைந்தால் மூளையின் சாம்பல்நிறப் பகுதி உள்ளதைவிட மெலிதாகக் கணக்காகிவிடும். அதனால் ஆராய்ச்சிகளில் கலங்கிய படங்களைத் தேடித் தேடிக் கழிக்கிறார்கள். ஊரில் ஒரு சென்டரில், வேண்டா வெறுப்பாகப் படுத்திருக்கும் பதினைந்து வயசுப் பையனிடம் என்ன அளந்துவிடப் போகிறார்கள்?

உண்மையில் அளக்கவே மாட்டார்கள். கட்டி இருக்கிறதா, ரத்தக்கசிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பெரும்பாலும் ‘நார்மல்’ என்று ரிப்போர்ட் வரும். எனக்குப் பயம் அங்கேதான். ‘மூளை நல்லாத்தானே இருக்கு, அப்போ எல்லாம் திமிரு’ என்று உங்கள் தங்கச்சி வீட்டுக்காரர் மறுபடி பெல்ட்டை உருவுவார். கம்மலை அடகு வைத்து அதற்கு ஒரு சர்டிபிகேட் வாங்கிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

உங்கள் கடிதத்தில் எல்லாவற்றுக்கும் விவரம் இருக்கிறது, பெல்ட்டுக்கு மட்டும் ஒரே வரி. எத்தனை தடவை? எப்போதிலிருந்து? திருட்டுக்கு முன்பா பின்பா? அம்மாவுக்கும் விழுகிறதா? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் 2011இல், வீட்டில் அடிதடிக்கு நடுவே வளர்ந்த பிள்ளைகளுக்குக் கோபமான முகங்களின் படத்தைக் காட்டி ஸ்கேன் எடுத்தார்கள். மற்ற பிள்ளைகளைவிட அவர்களுக்கு அமிக்டலாவும் இன்சுலாவும் அதிகமாக உசுப்பேறின, போர்முனைக்குப் போய்வந்த சிப்பாய்களுக்கு ஆகிற மாதிரியே. மேலே சொன்ன அதே இரண்டு இடங்கள், பாருங்கள். ஒரே ஒரு தடவை எடுத்த படத்தை வைத்து, மூளை அப்படி இருந்ததால் பையன் இப்படி ஆனானா, இப்படி வாழ நேர்ந்ததால் மூளை அப்படி ஆனதா என்று சொல்ல முடியாது. உங்கள் மருமகனுக்கு அடியால்தான் இப்படி ஆயிற்று என்று நானும் சொல்ல மாட்டேன், எனக்கு எப்படித் தெரியும். ஆனால் அடியால் குணமாகவில்லை என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

வருத்தமே இல்லை என்கிறீர்கள். குற்ற உணர்ச்சியும் பிறர் வலியும் உறைக்காத பிள்ளைகள் உண்டுதான், 2024 ஆய்விலும் மூளையில் கூடுதல் வித்தியாசம் அவர்களிடமே இருந்தது. அதை ஒருநாள் முகத்தை வைத்துத் தீர்மானிப்பதில்லை. பன்னிரண்டு மாதமாக, வீட்டில், பள்ளியில், நண்பர்களிடம் என்று பல இடத்தில் அப்படி இருக்கிறானா என்று விசாரிப்பார்கள். பெல்ட் வைத்திருக்கிறவர் எதிரில் நிற்கும்போது எந்தப் பையனும் முகத்தை இறுக்கித்தான் வைத்திருப்பான். உங்கள் கடிதம் முழுக்க அவன் என்னென்னவோ செய்கிறான், ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காட்பாடி ஸ்டேஷனில் நாளெல்லாம் உட்கார்ந்து என்ன பார்க்கிறான் என்று யாராவது கேட்டீர்களா? மாமா நீங்கள்தான் கேட்க முடியும்.

நடத்தைக் கோளாறு என்று முடிவு செய்வதே பேசி, விசாரித்துத்தான். டாக்டர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் 15 அறிகுறிகள் இருக்கின்றன, கடந்த பன்னிரண்டு மாதத்தில் அவற்றில் குறைந்தது மூன்று இருக்க வேண்டும், குறைந்தது ஒன்று கடைசி ஆறு மாதத்துக்குள். திருட்டு, ராத்திரி வெளியே தங்குவது, பிராணிகளை வதைப்பது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு, அதனால் நீங்கள் கவலைப்படுவது சரியே. ஸ்கேன் அந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை. இதற்கென்றே ஒரு மாத்திரையும் கிடையாது. கூட இருக்கிற ஏ.டி.எச்.டி. போன்றவற்றுக்கு மருந்து தரலாம், அது டாக்டர் முடிவு. பலன் தருவதாகத் திரும்பத் திரும்பத் தெரியவந்திருப்பது அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, பிள்ளையிடம் எப்படி நடந்துகொள்வது என்று பழக்குவது. பையனைச் சரிசெய்யக் கூட்டிக்கொண்டு போனால் பெரியவர்களை உட்கார வைப்பார்கள் என்று உங்கள் தங்கச்சி வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே போய்க் கோபித்துக்கொண்டு எழுந்து வந்துவிடப் போகிறார்.

எங்கே போவது? உங்களுக்கு ஒன்றும் தூரமில்லை. வேலூர் பாகாயத்தில் சிஎம்சி மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது, 1950களில் தொடங்கியது, உள்ளே சேர்த்தால் குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்க வேண்டும் என்பது அங்கே ஆரம்பத்திலிருந்தே இருக்கிற வழக்கம். செலவுக்கு யோசனையாக இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியில் மனநலப் பிரிவு உண்டு. கிளம்புவதற்கு முன்னால் யாரிடமாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

கம்மலை இந்த வாரமே மீட்டுவிடச் சொல்லுங்கள், வட்டி ஏறும்.