வேலையை விடச் சொல்வதற்கு முன் 14 நாள் நோட்டு

மகள் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் லேப்டாப்பும் கையுமாக இருக்கிறாள், ஏதாவது கேட்டால் எரிந்து விழுகிறாள், வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் அம்மா. ஐ.டி. சர்வீஸ் நிறுவனங்களில் ஆளை வாட்டுவது பெரும்பாலும் ப்ராஜெக்ட்தான். அதே கட்டடத்தில் அடுத்த மாடியில் ஆறரை மணிக்கு வண்டி ஏறிவிடுகிறவர்களும் இருப்பார்கள்.

அவள் தூக்கத்தைத் தின்பது எது என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். க்ளையன்ட் நியூயார்க் பக்கம் என்றால், மார்ச் இரண்டாம் ஞாயிறிலிருந்து நவம்பர் முதல் ஞாயிறு வரை நமக்கும் அவர்களுக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். மற்ற மாதங்களில் பத்தரை. அவர்களுடைய காலை 10 மணி மீட்டிங் இங்கே இரவு ஏழரை, நவம்பருக்குப் பிறகு எட்டரை. கலிஃபோர்னியா க்ளையன்ட் என்றால் அதே மீட்டிங் பத்தரை, பதினொன்றரை. இது நேர வித்தியாசத்தின் கணக்கு; மேனேஜரைத் திட்டிப் பயனில்லை. காலையில் தாமதமாக லாகின் செய்ய அனுமதி இருக்கிறதா என்பதுதான் கேள்வி. காலை ஒன்பதுக்கும் ஆஜராகி, இரவு பதினொன்றுக்கும் அழைப்பில் இருந்தால் அது இரண்டு ஷிஃப்ட்.

ப்ரொடக்‌ஷன் சப்போர்ட்டில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில், இருந்தால் கதை வேறு. அங்கே ஆன்-கால் முறை உண்டு: முறை வரும் வாரத்தில் கூப்பிட்டதும் வேலை பார்க்கத் தயாராக இருக்க வேண்டும். கோளாறு என்று அலர்ட் வந்தால் நடுராத்திரியிலும் எழுந்து பார்க்க வேண்டும். கூகுளில் இந்த வேலையைச் செய்யும் எஸ்.ஆர்.இ. (சைட் ரிலையபிலிட்டி) பொறியாளர்கள் வெளியிட்ட கணக்கு ஒன்று உண்டு: ஒரே ஊரில் இருக்கும் குழுவில் வாரத்துக்கு ஒருவர் முதல் ஆள், இன்னொருவர் துணை ஆள் என்றால் குறைந்தது 8 பேர் வேண்டும், ஒரு ஷிஃப்டில் 2 சம்பவங்களுக்கு மேல் வரக்கூடாது. 8 பேர் என்றால் நான்கு வாரத்தில் ஒரு வாரம்தான் முறை வரும். உங்கள் மகளின் குழுவில் 3 பேர்தான் என்றால் மூன்று வாரத்தில் இரண்டு வாரம் அவள் தலையில். அதைத் தியானம் செய்து சமாளிக்க முடியாது.

எனவே 14 நாள் ஒரு நோட்டு போடச் சொல்லுங்கள். லாகின், லாக்-ஆஃப், அதற்குப் பின் வந்த அழைப்புகள், எதற்காக, எத்தனை நிமிடம், எத்தனை மணிக்குத் தூக்கம். அந்த 14 நாளுக்குள் ஓர் ஆன்-கால் வாரமும், முடிந்தால் ஒரு ரிலீஸும் (மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடும் நாள்) வர வேண்டும். சும்மா இருந்த வாரத்தை எழுதினால் ஒன்றும் தெரியாது.

பிறகு மேனேஜரிடம் பேசலாம். "ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு சார்" என்றால் "எல்லாருக்கும் இருக்கும்மா" என்று முடித்துவிடுவார். "14 நாளில் பதினொரு மணிக்கு மேல் 9 அலர்ட், அதில் 6 ஒரே பேட்ச் ஜாப் தோல்வி" என்றால் பதில் சொல்லியாக வேண்டும். (பேட்ச் ஜாப் என்பது தானாக ஓடும் மொத்த வேலை.) கேட்க வேண்டியவை மூன்று: அந்த ஜாபைச் சரிசெய்ய ஸ்ப்ரின்ட்டில் (குழுவின் சில வார வேலைத் திட்டம்) நேரம், இரவு எழுந்தால் மறுநாள் தாமத லாகின் அல்லது காம்ப்-ஆஃப் (ஈடு விடுப்பு), ஆன்-கால் ரோஸ்டரில் இன்னும் ஆள். பேசிய அன்றே அதைச் சுருக்கமாக மெயிலில் போட வேண்டும். எடுத்த எடுப்பில் ஹெச்.ஆரிடம் போகாமல் இருப்பது நல்லது. அவர்கள் அதே மேனேஜரிடம்தான் திருப்பி அனுப்புவார்கள், உறவு கெட்டதுதான் மிச்சம். மிரட்டல், வசை என்றால் மட்டும் நேரே அங்கேதான் போக வேண்டும்; பாலியல் தொல்லை என்றால் நிறுவனத்தின் உள் புகார்க் குழுவிடம் (இன்டர்னல் கமிட்டி) போக வேண்டும்.

ஒரு மாதத்தில் எதுவும் மாறவில்லையா, ப்ராஜெக்டிலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கட்டும். தன் வேலையை இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுக்கும் 4 வார கே.டி. திட்டத்தையும் தானே எழுதிக் கொடுத்தால் மறுப்பது கடினம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: அடுத்த ப்ராஜெக்டின் உள் நேர்காணலை முடிக்காமலே வெளியே வந்து பெஞ்சில், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் காத்திருக்கும் நிலையில், மாட்டிக்கொள்கிறார்கள்.

வேலையை விடுவது அதற்கும் பிறகு. நோட்டீஸ் காலம் பல நிறுவனங்களில் 60 அல்லது 90 நாள். ஆஃபர் லெட்டரில் பாருங்கள். சொல்லாமல் நின்றுவிட்டால் ரிலீவிங் லெட்டர் (முறையாக விடுவித்ததற்கான கடிதம்) கிடைக்காது, அடுத்த கம்பெனியின் பின்னணிச் சரிபார்ப்பில் அது வந்து நிற்கும்.

இவை எதற்கும் காத்திருக்கக் கூடாத நிலையும் உண்டு. இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, சாப்பிடுவதில்லை, காரணமில்லாமல் அழுகிறாள் என்றால் மருத்துவரிடம் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-11 நோய்ப் பட்டியலில் பர்ன்-அவுட் (வேலை அழுத்தத்தால் முற்றிலும் களைத்துப்போவது) நோயாக இல்லை, வேலை சார்ந்த நிலையாகவே இருக்கிறது. ஆனால் மனச்சோர்வு நோய்தான், இரண்டையும் பிரித்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். "இருந்து என்ன பயன்" என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே, அந்த மணியிலேயே. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது சின்னது. ஏழரைக்கு மீட்டிங் என்றால் ஏழு மணிக்குத் தட்டு வைத்துவிடுங்கள். ஒன்பது மணிச் சாப்பாட்டுக்கு அவள் வரமாட்டாள். ஆன்-கால் இல்லாத வாரங்களில் அலுவலக டீம்ஸ் செயலியில் அறிவிப்புகளை நிறுத்தும் ‘குவைட் டைம்’ போட்டுவிட்டுப் போனை ஹாலில் சார்ஜ் போடச் சொல்லுங்கள். ஆன்-கால் வாரத்தில் அதைக் கேட்காதீர்கள், அது அவள் கையில் இல்லை.