அனாஹைம் குடும்பம் நகரவில்லை, கவுண்டி எல்லைதான் நகர்ந்தது

கலிஃபோர்னியாவில் நீங்கள் தேடும் முன்னோர் குடும்பத்தின் பெயருக்கு நேரே, 1880 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டி (மாவட்டம் போன்ற பிரிவு), 1900-இல் ஆரஞ்சு கவுண்டி என்று இருப்பதால் அந்தக் குடும்பம் குடிபெயர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம். இரண்டிலும் ஊர் அனாஹைம்தானே? 1889-இல் லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியின் தென்கிழக்குப் பகுதியைப் பிரித்துத்தான் ஆரஞ்சு கவுண்டியை உண்டாக்கினார்கள்.

இரண்டு பட்டியலிலும் அக்கம்பக்கத்து வீட்டுப் பெயர்கள் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். அப்புறம், பிரிவினைக்கு முந்தைய நிலப் பத்திரங்களை லாஸ் ஏஞ்சலஸ் பதிவுகளில் தேடுங்கள்.

1890 கணக்கெடுப்பை நம்பி உட்கார வேண்டாம். 1921-இல் வாஷிங்டனில் பிடித்த தீயில் பெரும்பகுதி சேதமாகி, மிச்சமும் பின்னால் அழிக்கப்பட்டதால் அநேகமாக முழுதும் போய்விட்டது. தொழில் மாறியிருந்தாலும் வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1880-களில் நோய் விழுந்து, ஜெர்மானியர்கள் வளர்த்த அந்த ஊர்த் திராட்சைக் கொடிகளெல்லாம் பட்டுப்போயின; அதனால் திராட்சை வளர்த்தவர்கள் வேறு தொழிலுக்கு மாறியிருக்கலாம்.