எடை எழுதாத பாண்டா நாணயம் போலியா?

கேள்வி: சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சேமிப்புக்காக அவ்வப்போது வெள்ளி நாணயம் வாங்குவது வழக்கம். ஒருவர் 2012, 2015, 2019 ஆண்டுகளின் சீனப் பாண்டா நாணயங்களை (பாண்டா உருவம் பொறித்த வெள்ளி நாணயங்கள்) ஒரே விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். 2015 நாணயத்தில் எடையும் இல்லை, தூய்மையும் இல்லை. போலிதானே?

பதில்: அதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள். சீனா அந்த ஆண்டு அப்படித்தான் வெளியிட்டது. உலோகத்தின் பெயர், எடை, தூய்மை மூன்றையும் 2015-இல் எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே திரும்பப் போட்டார்கள். சொல்லப்போனால், 2015 என்ற ஆண்டோடு ஒரு அவுன்ஸ் என்றும் பொறித்திருந்தால்தான் நீங்கள் பயப்பட வேண்டும்.

எனக்கு உறுத்துவது அந்த 2019 நாணயம்தான். 2015 வரை வந்த வழக்கமான பாண்டா ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம். 2016 முதல் 30 கிராம். இரண்டிலும் முகமதிப்பு 10 யுவான், விட்டம் 40 மில்லிமீட்டர். கையில் வாங்கிப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் வெள்ளி மூன்றரை சதவீதம் குறைகிறது. இருபது நாணயம் வாங்கினால் 22 கிராம் போச்சு. விற்பவரிடம் நாணயத்துக்கு என்ன விலை என்று கேட்காதீர்கள், கிராமுக்கு என்ன விலை என்று கேளுங்கள்.

'பழசு, அரிது' என்று 2012-க்குக் கூடுதலாகக் கேட்டாலும் மசியாதீர்கள். அந்த ஆண்டுக்கு அனுமதித்த எண்ணிக்கை 80 லட்சம். 1983-இல் வந்த முதல் வெள்ளிப் பாண்டா வெறும் 10,000தான். அது 27 கிராம், 90 சதவீத வெள்ளி. அதன் கணக்கே வேறு.

போலிகள் நிறைய நடமாடுகின்றன என்பதும் உண்மை. காந்தம் ஒட்டினால் பேச்சே வேண்டாம். ஒட்டாவிட்டாலும் நம்பிவிட முடியாது, செம்பும் ஒட்டாது. கேப்சூலில் (வட்டப் பிளாஸ்டிக் டப்பாவில்) இல்லாத நாணயம் என்றால், 0.01 கிராம் வரை காட்டும் தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுக அமிழ்த்துங்கள். ஒரு அவுன்ஸ் சுத்த வெள்ளி என்றால் தராசு சுமார் 2.97 காட்டும், 30 கிராம் நாணயத்துக்கு 2.86. செம்பில் வெள்ளி முலாம் பூசி எடையை மட்டும் சரியாக வைத்திருந்தால் எண் தெளிவாகவே எகிறும். அப்புறம் நாணயத்தைத் தேய்க்காமல், மென்மையான துணியால் ஒற்றியெடுங்கள். கேப்சூலில் இருப்பதை இதற்காகப் பிரிக்க வேண்டாம். பிரித்ததற்கு வாங்குபவர் விலையைக் குறைப்பார்.

கேள்வி: அப்பா 1989, 1990 ஆண்டுகளின் பாண்டா நாணயங்கள் சிலவற்றை பிளாஸ்டிக் உறையோடு வைத்திருக்கிறார். லேசாகக் கறுத்திருக்கின்றன. பாலிஷ் போட்டு நகைக்கடையில் கொடுத்துவிடலாமா?

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். பாலிஷ் போட்டால் சேகரிப்பவர் தரும் கூடுதல் விலை அப்படியே போய்விடும். நகைக்கடைக்காரர் எடைக்குத்தான் காசு தருவார், அதிலும் கழிவு போடுவார். 1989-இல் அடித்தது 2,50,000, 1990-இல் 2,00,000. 2012 போன்ற ஆண்டுகளோடு பார்த்தால் இவை குறைவுதான். அதற்காகக் கோடீஸ்வரர் ஆகிவிட்டோம் என்று எண்ண வேண்டாம்.

முதலில் நாணய வியாபாரிகள் இரண்டு மூன்று பேரிடம், அவர்கள் எந்த விலைக்கு வாங்குவார்கள் என்று கேளுங்கள். இணையத்தில் போட்டிருக்கும் விலை விற்பவரின் ஆசை. விற்று முடிந்த விலையைத் தேடிப் பாருங்கள். நாணயம் அசலா என்று பார்த்துத் தரம் குறித்துப் பெட்டியில் அடைத்துத் தரும் என்ஜிசி, பிசிஜிஎஸ் நிறுவனங்களிடம் அனுப்பித் தரம் குறித்து வாங்கினால் நல்ல நாணயத்துக்கு மதிப்பு ஏறும். ஆனால் கட்டணமும் அஞ்சல் செலவும் சேரும்போது சாதாரண நாணயத்தில் கைக்காசுதான் கரையும். ஏற்கெனவே தரம் குறித்த பெட்டியில் வருவதை வாங்குகிறீர்களா? அந்தப் பெட்டியிலும் போலி வருகிறது. அதன் எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே போட்டு, படம் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: 10 யுவான் என்று இருக்கிறதே, சீனாவில் கடையில் செல்லுமா?

பதில்: சட்டப்படி செல்லும், 10 யுவானுக்கு. அதில் உள்ள வெள்ளியின் விலை அதைவிடப் பல மடங்கு என்பதால் அந்த வேலையை யாரும் செய்வதில்லை.