ஈயின் முதுகில் ரோமம், எலியின் முதுகில் காயம்

"ஈக்களை வகை பிரிப்பதும், எலிகளில் எது பெரிய ஆள் என்று பார்ப்பதும் ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். முதுகலையில் நான் ஈக்களோடு இருந்தேன், பக்கத்து மேசைத் தோழி எலிகளோடு. பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

பெரும்பாலான பூச்சிகளுக்கு இறக்கை நான்கு. ஈக்களுக்கு இரண்டுதான். பின்னிறக்கைகள் சுருங்கி, குண்டூசி போன்ற இரண்டு சிறு தண்டுகளாகிவிட்டன. பறக்கும்போது உடல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உணர்த்துவது அவைதான். கொசுவுக்கும் அவை உண்டு, ஆகவே கொசுவும் இந்த வரிசையில்தான் வரும். இதுவரை பெயர் வைத்தவை மட்டும் ஒன்றரை லட்சம் சிற்றினங்களுக்கு மேல்.

வீட்டு ஈயின் மார்பில் நான்கு கரும்பட்டைகள், இறைச்சி ஈக்கு மூன்று. இவ்வளவு சுலபம் என்று நினைத்துத்தான் நானும் உட்கார்ந்தேன். அதற்குமேல் போக, முதுகில் விறைத்து நிற்கும் ரோமங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அதனால்தான் ஈயை ஊசியில் குத்தும்போது நடுவில் குத்தாமல் சற்று வலப்பக்கமாகக் குத்துவோம். ஒரு பக்கத்து ரோமங்களாவது சேதமாகாமல் இருக்கும். ரோமம் உதிர்ந்திருந்தால் அது முளைத்திருந்த குழியைத் தேடி எண்ணுவோம். இறைச்சி ஈக்களில் பல சிற்றினங்களை ஆண் ஈயின் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்க்காமல் உறுதி செய்யவே முடியாது.

இத்தனையும் செய்வது பெயர் ஒட்டுவதற்காக மட்டுமல்ல, யாருக்கு யார் உறவு என்று தெரிந்துகொள்ளத்தான். 1830இல் அறிவியல் பெயர் சூட்டப்பட்ட பழ ஈ, டுரோசோஃபிலா மெலனோகாஸ்டர், உலகம் முழுக்க ஆய்வகங்களில் வளர்கிறது. அதன் பெயரில் முதல் சொல் பேரினத்தை, அதாவது நெருங்கிய சிற்றினங்களின் தொகுப்பைக் குறிக்கும். ஆனால் வேறு பேரினப் பெயர்களில் இருக்கும் ஈக்கள் சில, டுரோசோஃபிலாவுக்கு உள்ளேயே கிளைத்தவை என்று தெரியவந்தது. பேரினத்தைப் பிரித்தால் மெலனோகாஸ்டருக்கு அந்த முதல் சொல் மாறிவிடும். டுரோசோஃபிலா மெலனோகாஸ்டர் என்ற பெயரைக் காப்பாற்றக் கேட்டு வந்த விண்ணப்பத்தைப் பன்னாட்டு விலங்குப் பெயரிடல் ஆணையம் 2010இல் ஏற்கவில்லை. பேரினம் இன்னும் பிரிக்கப்படாததால் பழைய பெயரே புழங்குகிறது.

எலிகளுக்கு வருகிறேன். ஆதிக்கம் செலுத்தும் ஆண் பக்கவாட்டில் நெருங்கி, எதிரியின் முதுகைக் கடிக்கப் பார்க்கும். மற்றது பின்னங்காலில் எழுந்து முகத்துக்கு முகம் நிற்கும், முடியாவிட்டால் மல்லாந்து முதுகைத் தரையோடு மறைத்துக்கொள்ளும். ஆகவே காயம் முதுகிலும் வாலிலும் இருந்தால் தோற்றது அதுதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ஹவாயில் ஆய்வாளர்களான பிளாஞ்சர்ட் தம்பதியர், வளைகளும் அறைகளும் கொண்ட அமைப்பில் எலிக்கூட்டங்களை வைத்துக் கவனித்தார்கள். அடங்கிப்போன ஆண்கள் எடை இழந்தன, அவற்றின் ரத்தத்தில் மன அழுத்த ஹார்மோன் ஏறியிருந்தது. தொடர்ந்து ஒருவருக்குக் கீழேயே வாழ்வது உடலை என்ன செய்யும் என்ற கேள்விக்கு இதைவிட நேரான வழி எனக்குத் தெரியவில்லை. சுண்டெலிகளுக்குக் குழாய்ச் சோதனை உண்டு. குறுகிய குழாயின் இரு முனையிலிருந்தும் இரண்டை விடுவார்கள். பின்வாங்கி வெளியே வருவது தோற்றது.

தோழி தன் நோட்டில் ஒரு எலியின் எண்ணுக்கு எதிரே "ஆதிக்க எலி" என்று எழுதியிருந்தாள். அதை வேறு கூண்டுக்கு மாற்றிய சில நாட்களில் அதன் முதுகில் காயங்கள். அன்று மாலை அந்தப் பத்தியையே அடித்துவிட்டு, இரண்டிரண்டு எண்களாக எழுதி, எது எதை வென்றது என்று நடுவில் அம்புக்குறி போட ஆரம்பித்தாள்.