ஷெரீப் அர்பையோவை ஏன் தூக்கவில்லை? – கடிதமும் பதிலும்

ஐயா, வணக்கம்.

அமெரிக்கச் சிறைகள் பற்றிய கட்டுரையில், அரிசோனா மாநிலத்து ஷெரீப் ஜோ அர்பையோவை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். கைதிகளைக் கூடாரத்தில் அடைத்து, இளஞ்சிவப்பு உள்ளாடை மாட்டிவிட்டவர் 24 வருஷம் பதவியில் இருந்திருக்கிறார். மேலிடத்தில் யாரும் அவரைத் தூக்கியடிக்கவில்லையா? மெட்ராஸ் ஷெரீப் என்பது வெறும் கௌரவப் பதவியாக இருந்தது என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

மேலிடம் என்று ஒன்று இருந்தால்தானே தூக்கியடிக்க? அரிசோனாவில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஷெரீபை மக்களே நான்கு வருஷத்துக்கு ஒருமுறை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். மெட்ராஸ் ஷெரீபுக்கும் இவருக்கும் பெயர்தான் ஒன்று. ரோந்துப் படையும் இவர் கையில், ஜெயில் சாவியும் இவர் கையில். கவுண்டி நிர்வாகக் குழு பட்ஜெட் போடும், அவர் வழக்கில் தோற்றால் நஷ்டஈடும் கட்டும். ஆளை மாற்ற அதற்கு அதிகாரம் கிடையாது. மக்கள் திரும்ப அழைக்கலாம். ஆனால் அதற்கு, கடந்த தேர்தலில் அந்தப் பதவிக்கு விழுந்த ஓட்டில் கால்பங்கு அளவுக்குக் கையெழுத்து 120 நாளில் சேர வேண்டும். ஃபீனிக்ஸ் நகரம் இருக்கும், அர்பையோவின் மாரிகோபா கவுண்டியில் 2013-ல் அந்தக் கணக்கு 3,35,000-ஐத் தாண்டியது. முயன்றார்கள், சேரவில்லை.

அர்பையோ போதைப்பொருள் தடுப்புத் துறையில் கால் நூற்றாண்டு இருந்துவிட்டு 1992-ல் ஜெயித்தவர். ஜெயில் நிரம்பி வழிகிறது, புதிதாகக் கட்டப் பணமில்லை என்று 1993-ல் கொரியப் போர்க்காலத்து ராணுவக் கூடாரங்களை அடித்தார். வெளியிலேயே 43 டிகிரியைத் தாண்டும் ஃபீனிக்ஸ் கோடையில் அந்தக் கான்வாஸுக்குள் படுத்துப் பார்க்க வேண்டும். விடுதலையாகிறவர்கள் வெள்ளை உள்ளாடையைத் திருடிப் போகிறார்கள், இளஞ்சிவப்பு என்றால் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அதையே கையெழுத்துப் போட்டு வெளியில் விற்கவும் செய்தார். ஆள் விளம்பரத்தில் கெட்டிக்காரர்!

ஆனால் அவரைக் கவிழ்த்தது கூடாரமல்ல, சாலையோரச் சோதனை. 2007-ல் குடியேற்றச் சட்டத்தை அமலாக்கும் அதிகாரத்தை மத்திய அரசு அவருடைய போலீஸாருக்கும் கொடுத்தது. ஒரு பகுதியில் வண்டி வண்டியாகப் போலீஸை இறக்குவார்கள். கண்ணாடியில் விரிசல், எரியாத பின்விளக்கு என்று ஏதாவது சாக்கில் காரை நிறுத்துவார்கள். பிறகு உள்ளே இருக்கிற லத்தீனோ முகங்களிடம் பேப்பர் கேட்பார்கள். அப்படி ஒரு கார் வேகமாகப் போனதாக நிறுத்தப்பட்டது. ஓட்டிய வெள்ளைக்காரரை விட்டுவிட்டு, செல்லுபடியாகும் விசா வைத்திருந்த மெக்சிகோ பயணியைப் பிடித்துவைத்தார்கள். அவர் வழக்குப் போட்டார்.

மத்திய அரசு 2009-ல் தெருவில் சோதனையிடும் அதிகாரத்தைப் பறித்தது. குற்றச் சந்தேகம் எதுவுமில்லாமல், சட்டவிரோதமாகக் குடியேறியவர் என்ற சந்தேகத்துக்காக மட்டும் யாரையும் பிடித்துவைக்கக் கூடாது என்று நீதிபதி முர்ரே ஸ்னோ 2011 டிசம்பரில் உத்தரவிட்டார். அதற்குப் பிறகும் பல மாதங்களுக்கு ஆட்களைப் பிடித்துக் குடியேற்றத் துறையிடம் ஒப்படைத்தார்கள். பேட்டிகளில் அர்பையோவே நிறுத்த மாட்டேன் என்று பேசினார். கோர்ட்டில் அந்தப் பேட்டிகளே அவருக்கு எதிரான சாட்சியாயின.

உத்தரவை மீறியதற்காக நீதிமன்ற அவமதிப்புக் குற்ற வழக்கு 2016 தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பு பாய்ந்தது. அந்தத் தேர்தலில் மாரிகோபா டிரம்ப்புக்கு ஓட்டுப் போட்டது. அதே ஓட்டுச்சீட்டில், டிரம்ப்பின் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அர்பையோவைத் தோற்கடித்தது. கட்சி அலை என்று அதைத் தள்ளிவிட முடியாது.

2017 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பு. தண்டனை அறிவிப்பதற்குள் ஆகஸ்டிலேயே டிரம்ப் மன்னித்துவிட்டார். தீர்ப்பையே பதிவிலிருந்து அழிக்கச் சொல்லிக் கேட்டதற்கு நீதிபதி சூசன் போல்டன் மறுத்துவிட்டார். கூடார ஜெயிலை அடுத்து வந்த ஷெரீப் அந்த வருஷமே மூடினார். 2020-ல் பழைய பதவிக்கே மறுபடி நின்ற அர்பையோ, கட்சிக்குள் நடந்த தேர்தலிலேயே, தனக்குத் துணையாக இருந்த அதிகாரியிடம் தோற்றார்.