வாசகர் கேள்வி–பதில்: வருமான வரி இல்லாத டெக்சாஸுக்குப் போகலாமா?

கே: கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்டில் வாடகைக்கு இருக்கிறோம். கணவன் மனைவி சம்பளம் சேர்த்து ஒன்றரை லட்சம் டாலர். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாதே, டல்லாஸ் பக்கம் போய் வீடு வாங்கினால் எவ்வளவு மிஞ்சும்?

வரியில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இந்தச் சம்பளத்துக்குக் கலிபோர்னியா வருமான வரி ஏறக்குறைய 6,000 டாலர். எஸ்.டி.ஐ. (மாநில ஊனமுற்றோர் காப்பீடு) பிடித்தத்தையும் சேர்த்தால் 7,500-ஐ ஒட்டி வரும். டெக்சாஸில் 5 லட்சம் டாலர் வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அங்கே சொத்து வரி உண்டு: பள்ளி மாவட்ட வரி வீட்டு மதிப்பில் 100 டாலருக்கு 1.03, நகரம், கவுன்ட்டி, கல்லூரி எல்லாம் சேர்த்து 0.65 என்று வையுங்கள். சொந்தக் குடியிருப்புக்கான ஹோம்ஸ்டெட் விலக்கு 1,40,000 டாலர், அதுவும் பள்ளி வரியில் மட்டும். ஆக 3,708 + 3,250, கிட்டத்தட்ட 7,000. ஒரு கையில் மிச்சம் பிடித்ததை மறு கையில் கட்டுகிறீர்கள். ஆதாயம் வீட்டு விலையில் இருக்கிறது: இதே அளவு வீடு ஃப்ரீமாண்டில் பத்து லட்சத்தைத் தாண்டிவிடும்.

நகர எல்லைக்கு வெளியே எழும் புதுக் குடியிருப்புகளில் ‘மட்’ வரி என்று ஒன்று உண்டு. குடிநீர், சாக்கடை போட வாங்கிய கடனை வீட்டுக்காரர்கள் தலையில் கட்டுவது. 100-க்கு 0.50 முதல் 1 டாலர் வரை போகும், அதாவது ஆண்டுக்கு இன்னும் 2,500 முதல் 5,000. மொத்த வரி விகிதத்தை எழுத்தில் வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

புது வீடு வாங்குவோர் சறுக்கும் இடம் வேறு. ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்துத்தான் மதிப்பீடு. அன்று வெறும் மனையாக இருந்தால் முதல் ஆண்டு வரி சொற்பம்; வங்கியும் அதை வைத்தே மாதத் தவணையைக் கணக்கிட்டிருக்கும். மறு ஆண்டு முழு வரி வரும்போது எஸ்க்ரோ கணக்கில் (வரி கட்ட வங்கி தவணையோடு வாங்கிச் சேர்த்துவைக்கும் பணம்) துண்டு விழும். பழைய பாக்கியும் சேர்ந்து தவணை மாதம் 600, 700 டாலர் கூட ஏறும். முதல் ஆண்டே வித்தியாசத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்.

கலிபோர்னியாவில் 1978-இல் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவுப்படி வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. டெக்சாஸில் ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு உச்சவரம்பு 10 சதவீதம். மதிப்பீடு அதிகம் என்று தோன்றினால் மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபிக்கலாம். ஜனவரியை ஒட்டி அக்கம்பக்கத்தில் விற்ற வீடுகளின் விலையே நல்ல ஆதாரம்.

கே: டல்லாஸ் வீடுகளில் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

அஸ்திவாரம், கூரை. அங்குள்ள களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் தளம் கோணுகிறது. கதவு நிலையில் பிடிக்கிறதா, ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஓடுகிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டமைப்புப் பொறியாளரைத் தனியாக வரவழையுங்கள். குடிவந்த பின், சுவரிலிருந்து ஒன்று, ஒன்றரை அடி தள்ளி கசிவுக் குழாய் போட்டு வறண்ட மாதங்களில் மண்ணை ஒரே சீராக ஈரமாக வைத்திருக்க வேண்டும். (தண்ணீர் பில்லைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் அஸ்திவாரம் தூக்கிக் கட்டும் செலவை ஒருமுறை விசாரிக்கலாம்.)

கூரைக்கு எதிரி ஆலங்கட்டி. காப்பீட்டில் காற்று, ஆலங்கட்டிச் சேதத்துக்கு நீங்களே ஏற்க வேண்டிய தொகை (டிடக்டிபிள்) சதவீதத்தில் இருக்கும்: 4 லட்சம் டாலர் காப்பீட்டுக்கு 2 சதவீதம் என்றால் முதல் 8,000 உங்கள் பணம். பழைய கூரைக்குத் தேய்மானம் கழித்துத் தரும் பாலிசியா என்றும் கேளுங்கள்.

கே: ஹெச்-1பி விசாவில் இருக்கிறேன். அதே நிறுவனம்தான், வீட்டிலிருந்து வேலை. சொல்லாமல் மாறலாமா?

கூடாது. வேலை செய்யும் இடம் வேறு பெருநகரப் பகுதிக்கு மாறினால், அங்கே வேலை தொடங்குமுன் நிறுவனம் திருத்த மனு தாக்கல் செய்தாக வேண்டும். கிரீன் கார்டுக்கான பெர்ம் (தொழிலாளர் சான்றிதழ்) நடந்துகொண்டிருந்தால் இன்னும் சிக்கல்: அது குறிப்பிட்ட இடத்துக்கானது, மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரலாம். வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் நிறுவன வழக்கறிஞரிடம் பேசுங்கள். நிறுவனம் தருவதாகச் சொன்ன பங்குகள் இன்னும் வரவேண்டியிருந்தால் இன்னொன்று: அவை டெக்சாஸில் உங்கள் பேருக்கு வந்தாலும், கலிபோர்னியாவில் வேலை பார்த்த காலத்துக்குரிய பகுதிக்கு அந்த மாநிலம் வரி கேட்கும்.