பழைய லென்ஸுக்கு விலை எப்படி வருகிறது? கேள்வி பதில்

குடியாத்தம்: அண்ணா, தாத்தாவின் ஸ்டூடியோவில் ஒரு பழைய லென்ஸ் கிடைத்தது. தேடிப் பார்த்தால் யாருமே விற்கவில்லை. அவ்வளவு அபூர்வம் என்றால் நல்ல விலை போகுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. விற்பனையில் இல்லை என்றால், வைத்திருப்பவர்கள் விட மனமில்லாமல் இருக்கலாம், இல்லை கேட்பாரே இல்லாமலும் இருக்கலாம். விற்கிறவர் போட்டிருக்கும் விலையை நம்பாமல், விற்று முடிந்த விலை எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள்.

காட்பாடி: ஹெலியோஸ் 44-2 என்ற லென்ஸை லட்சக்கணக்கில் செய்தார்களாமே, அதன் விலை ஏன் ஏறியது?

எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி இது. சோவியத் நாட்டில் ஜெனிட் கேமராவோடு சேர்ந்து வந்த லென்ஸ், ஒரு காலத்தில் சும்மா கொடுத்தாலும் யோசிப்பார்கள். 2008-க்குப் பிறகு மிரர்லெஸ் கேமராக்கள், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமராக்கள் வந்தன. அவற்றில் லென்ஸ் மாட்டும் இடத்துக்கும் சென்சாருக்கும் (படத்தைப் பதிவு செய்யும் பகுதி) நடுவே இடைவெளி குறைவு என்பதால், ஒரு அடாப்டர் (இணைப்பு வளையம்) போட்டால் பழைய லென்ஸ் பெரும்பாலும் அப்படியே உட்கார்ந்துவிடும். உடனே இந்த லென்ஸில் பின்னணி சுழன்று தெரியும் அழகுக்குக் கிராக்கி வந்துவிட்டது. லென்ஸ் அதேதான், எண்ணிக்கையும் குறைந்துவிடவில்லை, கேட்கிற ஆட்கள்தான் கூடினார்கள்.

ராணிப்பேட்டை: அப்போ அபூர்வத்துக்கு மதிப்பே இல்லையா?

நிச்சயம் உண்டு, ஆனால் கூடவே ஆசைப்படுகிற கூட்டமும் வேண்டும். 1960களில் நாசாவுக்காக ஸைஸ் நிறுவனம் செய்த பிளானர் 50 மி.மீ. எஃப்/0.7 என்ற லென்ஸ் மொத்தமே 10தான். அதில் 3 இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக்கிடம் போய், மெழுகுவத்தி வெளிச்சத்திலேயே காட்சிகள் எடுக்க உதவின. எண்ணிக்கையும் குறைவு, செய்த வேலையும் பெரிது, அப்படிப்பட்டதை யார்தான் விரும்ப மாட்டார்கள்? நிக்கான் நிறுவனத்தின் நிக்கார் 13 மி.மீ. எஃப்/5.6 லென்ஸும் இந்த வகைதான், ஆர்டர் கொடுத்தால் மட்டும் செய்தார்கள், சுமார் 350 இருக்கும்.

ஆம்பூர்: உள்ளே பூஞ்சை இருந்தால்?

அபர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை, முழுசாகத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்தி வலை மாதிரி தெரியும். அபூர்வமான லென்ஸ் என்றால் விலை குறைந்தாலும் வாங்க ஆள் இருக்கும். எங்கும் கிடைக்கிற லென்ஸ் என்றால் சுத்தம் செய்யும் கூலியே அதன் விலையைத் தாண்டிவிடும். தோல் உறைக்குள் வைத்திருந்தால் இன்றைக்கே வெளியே எடுங்கள், ஐப்பசி மழையில் தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பது உங்கள் ஊருக்குத் தெரியாததா! காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். உறையைத் தூக்கி எறிய வேண்டாம், அசல் உறையும் மூடியும் கூட இருந்தால் சேகரிப்பவர்கள் கூடுதலாகவே தருவார்கள்.